ஆறு வயதில் முளைத்த பல்

என் வாயில் இடது பக்கம், கீழ்வரிசையில், கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. சிரித்தால் தெரியாது. பேசினாலும் தெரியாது. போன வருடம் கோயமுத்தூரில் ஒரு பல் மருத்துவர் என் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பல்ல எப்பம்மா எடுத்தாங்க?" என்று கேட்டார். எட்டு வயதில் என்றேன். அவர் கண்ணாடியை வெளியே எடுத்தார்.

"எட்டு வயசுலயா? அது மொளைச்சே ரெண்டு வருசம்தான் ஆயிருக்கும். யாரும்மா எடுத்தது?"

நான் வாயை மறுபடியும் திறந்துகொண்டேன். வாயைத் திறந்து வைத்திருப்பவளிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். அந்த இடம் காலியாகக் கிடந்ததால் பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய்ந்துவிட்டது. மேல்வரிசைப் பல்லுக்குக் கீழே மோத ஆளில்லாததால் அது இறங்கிக்கொண்டே வருகிறது. இடது பக்கம் மெல்லாமல் இத்தனை வருடம் வலது பக்கத்திலேயே மென்றதில் அந்தப் பக்கப் பற்கள் தேய்ந்துவிட்டன. எல்லாம் ஒரே ஒரு பல்லால்.

நான் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பாகம் பழுதானால் அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நான் எதையும் கையெழுத்திட்டு அனுப்பியதில்லை. என் பல்லுக்கு அப்படியொரு படிவம் எழுதினால் அந்தக் கட்டம் போதாது. முதுகுப் பக்கமும் எழுத வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு ஆலைக்கொட்டாயில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். கரும்பை ஆட்டி, சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, வெல்லம் பிடிக்கிற கொட்டகை அது. அப்பா கொப்பரையில் துழாவுவார். அம்மா சூட்டோடு உருண்டை பிடிப்பாள். அம்மாவின் தம்பி, என் மாமா, உருண்டைகளைச் சிப்பமாகக் கட்டி வண்டியில் ஏற்றுவார். கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓடு வேய்ந்த ஒற்றை அறையில் நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். கொட்டகை, அறை, கரும்பு, கிணறு எல்லாம் பெரிய வீட்டுக்காரர்களுடையவை.

கொட்டகையில் குழந்தைகளுக்கு ஆபத்து இரண்டு. ஒன்று கரும்பை நசுக்கும் உருளை, இன்னொன்று கொதிக்கிற கொப்பரை. அவற்றின் பக்கம் வராமல் எங்களை ஓரிடத்தில் உட்காரவைக்க அங்கே கண்டுபிடித்திருந்த ஒரே வழி, வாயில் இனிப்பைக் கொடுப்பதுதான். பாகு பதத்துக்கு வந்ததும் கரும்புத் துண்டை அதில் முக்கியெடுத்து, ஆறவைத்து, ஆளுக்கொன்று தருவார்கள். அது தீர்ந்தால் நெல்லிக்காய் அளவில் வெல்லம். மற்ற பிள்ளைகள் கடித்து விழுங்குவார்கள். நான் கடிக்கமாட்டேன், கடித்தால் தீர்ந்துவிடும். இடது கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, காய்ந்த கரும்புச் சக்கை மேல் படுத்து அப்படியே தூங்கிவிடுவேன். விழிக்கும்போதும் வாய் இனித்துக்கொண்டிருக்கும்.

கேட்கிற பிள்ளைக்கெல்லாம் கொடுங்கள், இல்லை என்று சொல்லாதீர்கள் என்பது பெரிய வீட்டம்மாவின் உத்தரவு. அந்த மனசு யாருக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுங்கள் என்று உத்தரவு வந்ததாக எனக்கு நினைவில்லை.

பல் விளக்குவது காலையில் ஒரு தடவை. அடுப்புச் சாம்பல், சந்தைக்குப் போன வாரமென்றால் பாக்கெட் பல்பொடி, அதோடு ஆள்காட்டி விரல். விரல் எட்டுகிற தூரம் வரைதான் எங்களுக்குப் பல் இருந்தது. முன்பற்கள் வெளுப்பாக இருந்தால் சுத்தமான பிள்ளை. அதற்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. படுக்கும் முன் ஒரு முறை விளக்கு என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தூங்கப் போகிறவளுக்கு எதற்கு அலங்காரம்?

ஒரு பல் விழுந்து, அந்த இடத்தில் முளைத்தால்தான் அது புதுப்பல் என்பது எங்கள் நம்பிக்கை. ஆறு வயதில், பால் பற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, சத்தமில்லாமல் ஒரு பல் முளைக்கும். அது சாகும்வரை இருக்க வேண்டிய பல். அது போனால் இன்னொன்று வராது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பல்லைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் யாருக்கும் எழுத்து தெரியாது. அப்பாவும் மாமாவும் பெருவிரல் வைப்பார்கள். அம்மாவும் அப்படித்தான். ரேஷன் காகிதமோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, எது வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டு இரும்புக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். உள்ளே டிவியில் நாடகம் முடிந்து பெரிய வீட்டம்மா வருவார். கண்ணாடியை மாட்டுவார். முதலில் தனக்குள் படிப்பார். பிறகு சத்தமாகச் சொல்வார். அவருக்கு எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லித்தான் பழக்கம். நான் பள்ளியில் சேருவதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு குழந்தை தங்காமல் போயிற்று. அந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் அவர் அப்படித்தான் படித்தார். முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆண்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். அம்மா என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

அவர் கெட்டவர் என்றால் என் கோபத்துக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை. படித்து முடித்ததும் உள்ளே போய் அம்மாவுக்குக் கொடுக்க இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு நான் எழுத்துக்கூட்டப் படித்தேன். முதலில் பஸ்ஸின் பெயர்ப்பலகை. அப்புறம் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு. இந்த வாரம் சனிக்கிழமை கடை இல்லை என்று நான் வீட்டில் வந்து சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. சனிக்கிழமை போனவர்கள் பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்தபோது நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன். மாமா என்னைத் தூக்கி வெல்லச் சிப்பத்தின் மேல் உட்காரவைத்து, "ஏனுங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க, எங்கூட்டுக் கலெக்டரம்மா உக்கோந்திருக்காங்க" என்று அறிவித்தார். அன்றிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டுவாள். "படி கண்ணு" என்பாள். அந்த இரும்புக் கேட்டுக்கு அவள் போவது நின்றுபோனது. தெரியாத சொல் வந்தால் நான் தாண்டிவிடுவேன். அது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் எங்கள் பள்ளிக்கு மருத்துவ வேன் வந்தது. ஒரு பெண் டாக்டர், ஒரு நர்ஸ். ஒரு வகுப்பு முழுவதையும் அரை மணி நேரத்தில் பார்த்து முடித்தார்கள். என் முறை வந்தபோது டாக்டர் நாக்கை மரக்குச்சியால் அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பக்கம் பார்த்ததும், "அடடா, இந்தப் பல்லப் போயி..." என்றார்.

"வலிக்குதாடா?"

"இல்லீங்க."

வலித்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுரீர் என்று காதுவரை போகும். ஆனால் எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருத்தி, பல் வலி என்று சொன்னால் தாடைக்குள்ளேயே ஊசி போடுவார்கள், அந்த ஊசி கரும்பு நீளம் இருக்கும் என்று சொல்லியிருந்தாள். டாக்டர் ஒரு துண்டுச்சீட்டில் நான்கைந்து வரி விறுவிறுவென்று எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார். "அம்மாகிட்ட மறக்காமக் குடு" என்று என் கையில் வைத்தார். "அடுத்த ஆள்" என்றார்.

அந்தப் பள்ளியில் படித்த எங்களில் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் தமிழ் படிக்கவே ஆள் கிடையாது. அந்த டாக்டர் தமிழ் பேசினார், தமிழில் அதட்டினார், தமிழில் அடடா என்றார். எழுத மட்டும் அவருக்குத் தமிழ் வரவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது என் கை அழுத்தித்தான் எழுதுகிறது.

சாயங்காலம் கொட்டகையில் கொப்பரை இறக்கும் நேரம். டாக்டர் சீட்டு என்றதும் அப்பா துழாவுகிற கட்டையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மாமா சிப்பம் கட்டுவதை நிறுத்தினார். அம்மா கையைக் கழுவி, துடைத்து, சீட்டை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"படி கண்ணு. என்ன எழுதியிருக்காங்க?"

எனக்கு ஆங்கிலத்தில் பெரிய ஏ, பெரிய பி எல்லாம் தெரியும். தனித்தனியாக நின்றால் தெரியும். இந்த எழுத்துகள் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு எறும்பு வரிசைபோல ஓடின. ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு அந்தக் கரும்பு நீள ஊசியும் இருந்தது.

"பால் பல்லாமா. தானா உழுந்துருமாமா" என்றேன்.

"அப்பறம்?"

"காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா பல்லு வெளக்கோணுமாமா." அது என் பாடப் புத்தகத்தில் இருந்தது.

அம்மா சீட்டை எட்டிப் பார்த்தாள். "அவ்வளவுதானா கண்ணு? இத்தனை எழுத்து இருக்குதே."

"இங்கிலீசுல எழுதுனா நெறையா வரும்மா. தமிழ்ல சொன்னாக் கொஞ்சந்தான்."

மாமா தொடையில் தட்டி அப்பாவைப் பார்த்தார். "பாத்தீங்களா மாமா? இங்கிலீசயே தமிழாக்கிப்போட்டுது!" அப்பா என் தலையில் கை வைத்தார். அவர் கை வெல்லப் பாகின் சூட்டோடு இருந்தது. அன்று எனக்கு வழக்கத்தைவிடப் பெரிய உருண்டை கிடைத்தது. அதை இடது கன்னத்தில் வைக்க முடியாமல் வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். அம்மா சீட்டை மடித்து, தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தாள்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. வலி தண்ணீர் குடிக்காமலேயே வரத் தொடங்கியது. முதலில் கிராம்பு வைத்தார்கள். பிறகு உப்புத் தண்ணீர். உப்பு வறுத்துத் துணியில் கட்டிக் கன்னத்தில் ஒத்தடம். அதற்கும் கேட்காததால் மாமா தன் இடுப்புப் பையிலிருந்து புகையிலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பல்லின் பள்ளத்தில் வைத்தார். சித்த நேரத்தில் வலி மரத்தது, கூடவே உலகமும் சுற்றியது. வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். "பாருங்க, நல்லா வேலை செய்யுது" என்றார் மாமா. அவருக்குப் புகையிலைதான் பல் மருந்து. இன்றைக்கு அவர் ஈறு முழுக்க வெளுத்துக் கிடக்கிறது. அதை டாக்டரிடம் காட்ட வா என்று நான் இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறேன், வரமாட்டேன் என்கிறார்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கிக் கண்ணைத் தொட்டது. பள்ளிக்குப் போகவில்லை. கொட்டகையில் சாக்கின் மேல் படுத்திருந்தேன். அன்று பெரிய வீட்டம்மா கொட்டகைக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன புள்ள இது, மூஞ்சி இப்படி வீங்கியிருக்குது? பள்ளிக்கூடத்துல டாக்டரு வந்தாங்களாமே. சீட்டுக் கீட்டு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க அம்மணி" என்றாள் அம்மா.

"கொண்டா பாக்கலாம். என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்றேன்."

அம்மா உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். நான் எழுந்து வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். தகரப் பெட்டி இருபது அடி தூரத்தில் இருந்தது. அம்மா அதன் பக்கம் திரும்பவில்லை.

"வேண்டாமுங்க அம்மணி. எங்க புள்ளையே படிச்சுப்போட்டா."

"மூணாங்கிளாஸ் புள்ளையா? டாக்டரு எழுத்தையா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. முற்றத்திலும் அப்படித்தான் சிரிப்பார்.

"ஆமாங்க. பால் பல்லுன்னு போட்டிருக்குதாமா" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை. அவரிடம் பேசும்போது அம்மாவின் தலை நிமிர்ந்திருந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை. வாய் வீங்கியிருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

மறுநாள் மாமா என்னைப் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. சிரிக்கிற பல்செட் படம் வரைந்த பலகை. பல்செட் கட்டுகிற அந்த ஆள் பல்லும் பிடுங்குவார். அவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நடந்து போகிற தூரத்தில் அரசு ஆஸ்பத்திரி, அதற்குள் பல் பிரிவு, அங்கே படித்த டாக்டர். நாங்கள் அந்தச் சந்துக்கு அப்பால் போகவில்லை. ஆஸ்பத்திரி என்றால் சீட்டு எழுத வேண்டும், சொல்கிற இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும், பலகை படித்து அறை தேட வேண்டும். மாமாவுக்கு அது எல்லாமே இரும்புக் கேட்டுதான்.

அந்த ஆள் என் வாயைப் பார்த்துவிட்டு யோசித்தார். "பால் பல்லுதானுங்களா?"

"பால் பல்லுதானுங்க. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க. இந்தப் புள்ளதான் படிச்சுச்சு, இங்கிலீசுல" என்றார் மாமா. கடையில் காத்திருந்த இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். "நீயே படிச்சயா சாமி?"

"ஆமாங்க."

ஊசி போட்டார். எந்த ஊசிக்குப் பயந்து பொய் சொன்னேனோ அதே ஊசி. வீக்கத்தில் அது கேட்கவில்லை என்று இன்னொன்றும் போட்டார். அதுவும் கேட்கவில்லை. மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பால் பல் என்றால் சட்டென்று வரும். இது வரவில்லை. தாடை எலும்பே கழன்று வருவதுபோல அந்த ஆள் முன்னும் பின்னும் ஆட்டினார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை என் மேல் சொட்டியது. நான் கத்திய சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது என்று மாமா பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வெளியே வந்த பல்லை அவர் இடுக்கியிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தானாக விழுகிற பால் பல்லில் வேர் இருக்காது. இதில் இரண்டு வேர்கள், நீளமாக, இரத்தத்தோடு, காலை விரித்து நின்றன. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"புள்ளைக்கு என்ன வயசுங்க?"

"எட்டுங்க."

அவர் பல்லைப் பஞ்சில் சுற்றி, காகிதத்தில் மடித்து மாமாவிடம் கொடுத்தார். "மொளைச்சுக்கும்" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிடுங்கும் முன் கேட்க வேண்டிய வயதை அவர் பிடுங்கிய பிறகு கேட்டார். காரணக் கட்டத்தில் அவருக்கு மட்டும் தனி வரி வைத்திருக்கிறேன்.

விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிந்தால்தான் புதுப்பல் நேராக முளைக்கும். நான் கொட்டகையின் தகரக் கூரை மேல் எறிந்தேன். முதல் தடவை கடகடவென்று உருண்டு என் காலடிக்கே வந்தது. மாமா, "உன்ற பல்லுக்கு உன்னைய உட்டுப் போக மனசில்லை அம்மணி" என்றார். இரண்டாம் தடவை மேலேயே நின்றுவிட்டது. நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

தினமும் நாக்கால் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பேன். முன்பற்கள் விழுந்தன, முளைத்தன. பக்கத்துப் பற்கள் விழுந்தன, முளைத்தன. இது மட்டும் வரவில்லை. "லேட்டாத்தான் வரும், நம்மூரு பஸ்ஸு மாதிரி" என்றார் மாமா. ஐந்தாம் வகுப்பு வரை காத்திருந்தேன். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும் மறந்துவிட்டதுபோல இருந்துகொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கோயமுத்தூரில் டிப்ளமோ சேர விடுதிக்குக் கிளம்பியபோது, சான்றிதழ்களை எடுக்கத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தத் துண்டுச்சீட்டு, மடிப்பு அப்படியே. இப்போது அந்த எறும்புகள் எனக்கு நன்றாகத் தெரிந்தன. இடது கீழ் முதல் கடைவாய்ப் பல். நிரந்தரப் பல். சொத்தை இன்னும் வேர்வரை போகவில்லை. அடைத்தால் காப்பாற்றலாம். அரசு மருத்துவமனை பல் பிரிவுக்கு உடனே அழைத்து வரவும். கட்டணமில்லை. அவ்வளவுதான். ஒரு தடவை போய் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும்.

அம்மாவிடம் அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. சீட்டை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு இப்போது ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பிடித்து, செல்போன் டார்ச்சை அடித்து, கடைவாயைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. பிரஷ் வாங்கிக் கொடுத்து, இரவில் கடைசியாகத் தொடுகிற பொருள் அதுதான், அதற்குப் பிறகு மிட்டாயும் கிடையாது, பாலும் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். "என்ற புள்ளையப் பாக்க வாரயா, பல்லப் பாக்க வாரயா?" என்கிறார் மாமா. பல்லைப் பார்க்கத்தான் என்று சொல்கிறேன். அவருக்கு என் குரல் பிடிப்பதில்லை.

போன வருடம் அந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு ஊருக்குப் போனேன். இப்போது அம்மாவும் அப்பாவும் கொட்டகையில் இல்லை. என் பெயரில் வாங்கிய சின்ன வீட்டில் இருக்கிறார்கள். காகிதத்தைப் பார்த்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்காங்க? படி கண்ணு."

ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். எந்தச் சொல்லையும் தாண்டவில்லை. எட்டு வயதில் நிரந்தரப் பல் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற வரியையும் சொன்னேன். என் கண் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஓரத்துக்குப் போய், திரும்பி வந்தது. முடிக்கக் கொஞ்சம் நேரமானது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் முந்தானையால் கையை இன்னொரு முறை துடைத்தாள்.

"அன்னைக்கு இத்தனை நேரம் ஆகலையே கண்ணு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போய்விட்டாள்.

படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை, படிப்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள் என்பது அந்த எட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் கேட்டுக்கு வெளியே நின்று, கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகிற கண்களைப் பார்த்துப் பார்த்து, ஐந்து வரிக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அம்மா படித்து வைத்திருந்தாள். "அவ்வளவுதானா கண்ணு?" என்று அவள் கேட்டது எனக்கு வியப்பாகத்தான் கேட்டது. அது நான் திரும்பி வருவதற்காக அவள் திறந்துவைத்த கதவு. நான் வரவில்லை. அதற்குப் பிறகு கொட்டகையில், என் முகம் வீங்கிக் கிடக்கையில், பெரிய வீட்டம்மா கையை நீட்டியபோது, அந்தச் சீட்டை எடுத்துக் கொடுத்தால் என் பல் பிழைக்கும் என்ற சந்தேகம் அவளுக்குள் இருந்திருக்க வேண்டும். கொடுத்தால், அன்று முற்றத்தில் அவளுடைய சீட்டைப்போல, என் பொய்யும் எல்லோர் முன்னும் சத்தமாக வாசிக்கப்படும். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, எங்க புள்ளையே படிச்சுப்போட்டா என்றாள்.

சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற எனக்கு, அம்மா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறாள் என்பது மட்டும்தான் புரிந்தது.